கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வலைப்பின்னல்

(மூன்றாமாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



போன செமஸ்டர் வைவாவில் எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "பான் என்றால் என்னம்மா?"

எனக்குப் பதில் தெரியும். பர்சனல் ஏரியா நெட்வொர்க். நோட்ஸில் இரண்டு வரி, நன்றாகவே மனப்பாடம். ஆனால் பயத்தில் வாய் முந்திக்கொண்டு "இன்கம்டாக்ஸ் கார்டு சார்" என்று சொல்லிவிட்டது. எங்கள் பேட்ச் மொத்தமும் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "சரி, அதுவும் உனக்கு ஒரு நாள் வேணும். இப்ப இதைச் சொல்லு" என்றார். ஒப்பித்தேன்: "ஒரு மனிதரைச் சுற்றி சுமார் பத்து மீட்டருக்குள் இருக்கும் சாதனங்களை இணைக்கும் வலைப்பின்னல்."

"ஏன் பத்து மீட்டர்? ஏன் நூறு இல்லை?"

முழித்தேன். ஏதோ மார்க் போட்டு அனுப்பி வைத்தார்.

அந்த 'ஏன்' எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு தறிப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் கிடைத்தது. அதைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன். பரீட்சைக்கு எழுதும் வரிசையில் இருக்காது, பொறுத்துக்கொள்ளவும்.

என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். ஊர், சேலம் பக்கம் இளம்பிள்ளை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்கும் முதல் ஆள் நான்தான். அப்பா இருபத்தாறு வருடமாக ஒரே சத்தத்துக்கு நடுவில் நிற்கிறார். எட்டுத் தறி ஒன்றாக ஓடினால், பக்கத்தில் நிற்கிறவரிடம் காதருகே போய்க் கத்தித்தான் பேச வேண்டும். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. "பஞ்சு வெச்சா நாடா முட்டறது தெரியாது" என்பார். இரண்டு வருடமாகப் போனை எடுத்தால் "ஆங்? ஆங்?" என்று மட்டும் சொல்வார். பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார். "அம்மாகிட்டப் பேசிக்க."

உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, 1,100 ரூபாய்க்குக் கழுத்தில் மாட்டும் புளூடூத் இயர்போன், அதாவது நெக்பேண்ட், ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு காதிலும் சத்தமாகக் கேட்கும் அல்லவா? வீட்டில் போட்டுப் பார்த்தோம். ஜோராகக் கேட்டது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் வேலைக்குப் போனார். போன் வந்ததும் சத்தம் கேட்காமல் இருக்கப் பட்டறைக்குப் பின்னால் உள்ள வெட்டவெளிக்குப் போய் எடுத்திருக்கிறார். விட்டு விட்டுக் கேட்டதாம். ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வார்த்தை இல்லை. ஒரு வாரமும் இதே கதை.

வாங்கிய கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே மாட்டிப் பார்த்தால் சுத்தமாகக் கேட்கிறது! கடைக்காரர், "பீஸ் நல்லாத்தான் இருக்கு. தறி மோட்டாரு கரண்டு இதை இழுக்கும்மா. ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா மாடல் எடுத்துக்குங்க, இந்தத் தொந்தரவே வராது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சொன்னார்: "மிஷினக் குத்தம் சொல்லாத பாப்பா. எங்காதுதான் போயிருச்சு. அதத் திருப்பிக் குடுத்துட்டு நீ புஸ்தகம் வாங்கிக்க." கொஞ்ச நேரம் கழித்து, "நீ இதத்தான படிக்கற? இது எதனாலன்னு உனக்குத் தெரியாதா?" என்றும் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். எக்ஸ்டர்னல் கேட்டபோது முழித்ததைவிட இது எனக்கு அதிகம் வலித்தது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

வலைப்பின்னல்களைத் தூரத்தை வைத்துப் பிரிப்பார்கள். நாடு, உலகம் என்று விரிந்தால் வான். ஒரு நகரம் அளவு என்றால் மான். ஒரு கட்டடம், ஒரு லேப் என்றால் லான். வீட்டு வைஃபை இந்த ரகம். இவற்றில் எல்லாம் கடைக்குட்டி பான். போன், இயர்போன், கைக்கடிகாரம், மவுஸ், கீபோர்டு என ஒரே ஆளுக்குச் சொந்தமான சாமான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. இதில் கம்பி உள்ளதும் உண்டு, கம்பி இல்லாததும் உண்டு. கம்பி இல்லாததில் டிவி ரிமோட்டில் இருக்கிற இன்ஃப்ராரெட், கார்டைத் தட்டிப் பணம் கட்ட உதவும் என்.எஃப்.சி., பல்பு, சுவிட்சுகளை இணைக்கும் ஜிக்பீ என்று பல வகை. நாம் அன்றாடம் பார்ப்பது புளூடூத்.

புளூடூத் 1994-இல் ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரத்தில், எரிக்சன் கம்பெனியில் தொடங்கிய வேலை. போனையும் அதன் துணைச் சாமான்களையும் கம்பி இல்லாமல் இணைக்க வேண்டும் என்பதே நோக்கம். யாப் ஹார்ட்சன், ஸ்வென் மாட்டிசன் என்ற இரு என்ஜினியர்கள் இதில் முக்கியமானவர்கள். 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஐந்தும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. பெயர் வந்த கதைதான் வேடிக்கை. டென்மார்க்கைப் பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஹெரால்டு என்ற ராஜாவுக்கு 'நீலப்பல்' என்று பட்டப்பெயர். அவர் பிரிந்து கிடந்த மக்களை ஒன்றாகச் சேர்த்தவர் என்பதால், இன்டெல்லைச் சேர்ந்த ஜிம் கார்டாக் அந்தப் பெயரைத் தற்காலிகமாக வைத்தார். வேறு நல்ல பெயர் தேடினார்கள், அமையவில்லை. அதுவே நிலைத்துவிட்டது. போனில் தெரியும் அந்தச் சின்னம், ராஜாவின் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூனிக் எழுத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியது.

இனி, எக்ஸ்டர்னல் கேட்ட 'ஏன் பத்து மீட்டர்?'

ரேடியோ அலை எவ்வளவு தூரம் போகும் என்பது பெரும்பாலும் எவ்வளவு பவர் கொடுத்து அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. புளூடூத்தில் ஆரம்பத்தில் மூன்று வகுப்பு வைத்தார்கள். முதல் வகுப்பு 100 மில்லிவாட், சுமார் 100 மீட்டர். இரண்டாவது 2.5 மில்லிவாட், சுமார் 10 மீட்டர். மூன்றாவது 1 மில்லிவாட், சுமார் 1 மீட்டர். நோட்ஸில் வரும் 'பத்து மீட்டர்' இந்த இரண்டாம் வகுப்பு. நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்போடு ஒப்பிட்டால் 2.5 மில்லிவாட் என்பது 3,600-இல் ஒரு பங்கு. பவர் குறைந்தால் குட்டி பேட்டரியே போதும். அதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு. நம் வகுப்பில் அறுபது பேர் இருக்கிறோம். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுத்தால் முப்பது பேச்சு ஒரே நேரத்தில் நடக்கும் (தினமும் நடப்பதுதான்!). எல்லோரும் கத்தினால் ஒரு பேச்சும் நடக்காது. ஆகவே தூரம் குறைவாக இருப்பது குறை அல்ல, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. பஸ்ஸில் நாற்பது பேர் நாற்பது இயர்போனில் வெவ்வேறு பாட்டுக் கேட்க முடிவது இதனால்தான். இதை வைவாவில் சொல்லியிருந்தால் இன்னும் ஐந்து மார்க் வந்திருக்கும்.

அப்படியானால் அப்பாவின் போனுக்கும் காதுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லையே? பின் ஏன் அறுந்தது? ஒவ்வொரு சந்தேகமாக எடுத்துப் பார்த்தேன்.

முதல் சந்தேகம், கடைக்காரர் சொன்ன மோட்டார். தறி மோட்டாருக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அதிர்கிறது. புளூடூத் அலை அதிர்வது வினாடிக்கு சுமார் 240 கோடி தடவை, அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டார்ட்டரில் பொறி பறந்தால் பழைய ரேடியோப் பெட்டி கரகரக்கும், அது வேறு விஷயம். ஆனாலும் கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்று லேபில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய ஒரு நாள் பட்டறைக்குப் போனேன். ஊரே நிசப்தம், ஒரு தறி ஓடவில்லை. அப்பாவை அதே இடத்தில் நிற்க வைத்து அம்மாவைப் போன் செய்யச் சொன்னேன். அப்போதும் விட்டு விட்டுத்தான் கேட்டது. மோட்டார் நிரபராதி!

இரண்டாவது, வைஃபை. முதலாளி வீடு பட்டறையை ஒட்டி இருக்கிறது, வைஃபை வைத்திருக்கிறார்கள். வைஃபைக்கும் புளூடூத்துக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பொதுச் சொத்து. இந்த அலைவரிசையைக் குறைந்த பவரில் பயன்படுத்த லைசென்ஸ் வேண்டாம் என்று நம் நாட்டில் 2005-இல் விதி வந்தது. லைசென்ஸ் வேண்டாத இடம் என்றால் சந்தைக்கடை மாதிரிதான். மைக்ரோவேவ் அடுப்புகூட அங்கேதான் இருக்கிறது. எனக்கு இதன்மேல்தான் பலமான சந்தேகம். ஆனால் புளூடூத்தைச் செய்தவர்கள் இதை முன்னாலேயே யோசித்துவிட்டார்கள்.

2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தை 79 தடங்களாகப் பிரித்தார்கள். ஒரே தடத்தில் நின்று பேசுவது கிடையாது. வினாடிக்கு 1,600 தடவை தடம் மாறித் தாவிக்கொண்டே பேசும். ஒரு தடத்தில் வேறு யாராவது இருந்தால், அந்தத் துணுக்கு மட்டும்தான் போகும். 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, நெரிசலான தடங்களைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டே தாவுகிறது. ஆகவே வைஃபை ஓரளவு தொந்தரவு கொடுக்கலாம், இந்த அளவுக்கு அல்ல.

இதை அப்பாவிடம் விளக்க முயன்றேன். "இதுவும் தாவுது, அதுவும் தாவுது. ரெண்டும் ஒரே எடத்துக்கு எப்பிடித் தாவும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து 1942-இல் ஒரு காப்புரிமை பெற்றார்கள். கடலுக்கடியில் போகும் டார்பிடோவை ரேடியோவால் செலுத்தினால் எதிரி அந்த அலைவரிசையை அடைத்துவிடுவான். அவன் பிடிக்காதபடி அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் யோசனை. கப்பலிலும் டார்பிடோவிலும் ஒரே மாதிரி ஓட்டை போட்ட காகிதச் சுருளை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடுவது. தானாக வாசிக்கும் பியானோவில் இருக்கும் சுருள் மாதிரி. அதற்கேற்ப, பியானோ கட்டைகளின் எண்ணிக்கையான 88 அலைவரிசைகள். அமெரிக்கக் கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை. புளூடூத் நேராக அதிலிருந்து பிறந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும் சொந்தக்காரர் எனலாம்.

ஓட்டை போட்ட காகிதம் என்றதும் அப்பா நிமிர்ந்தார். "ஜக்கார்டு அட்டையா?"

ஆமாம், அதேதான்! எங்கள் ஊர்ச் சேலைத் தறிகளின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில், அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தப் பாவு நூல் மேலே தூக்கும், இல்லாவிட்டால் கீழேயே நிற்கும். அம்மா பல வருடம் அட்டை கோர்க்கும் வேலை பார்த்தவர். அப்பா தானாகவே சொன்னார்: "ரெண்டு தறிக்கும் ஒரே அட்டை போட்டு, ஒரே அட்டையில ஆரம்பிச்சா, ரெண்டுலயும் ஒரே பூதான் விழும். அவ்வளவுதான?"

அவ்வளவேதான். புளூடூத்தில் ஒரு சாதனம் தலைமை. அது தன்னுடைய முகவரியையும் தன் கடிகார நேரத்தையும் மற்றதற்குக் கொடுக்கிறது. முகவரியிலிருந்து கிடைப்பது அட்டை. நேரத்திலிருந்து தெரிவது எந்த ஓட்டையில் இருக்கிறோம் என்பது. இப்படி ஒரு தலைமையின் கீழ் ஏழு சாதனம் வரை ஒரே சமயத்தில் இயங்கும் குட்டி வலைக்குப் பிக்கோநெட் என்று பெயர். முதன்முதலில் 'பேரிங்' செய்யும்போது இரண்டும் ரகசியச் சாவி ஒன்றையும் பேசி வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் அடுத்த முறை கேட்காமலே சேர்ந்துகொள்கின்றன. (ஹாஸ்டல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பீக்கரைப் பேரிங் நிலையில் திறந்து போட்டுவிட்டு, நடுராத்திரி தானாகப் பாட்டுப் பாடுகிறது, பேய் என்று அலறாதீர்கள்.)

இரண்டு சந்தேகமும் போயிற்று. மூன்றாவது எனக்கு எதேச்சையாகத் தோன்றியது. அன்று அப்பா போனை எடுத்துக் கையில் வைத்து நம்பரைப் பார்த்துக்கொண்டே பேசினார். தெளிவாகக் கேட்டது! பேச்சு நீண்டதும் போனை வழக்கம்போல லுங்கிக்குள் இருக்கும் டவுசர் பையில் போட்டார். அறுந்தது. டவுசர் பை வலது பக்கம், கொஞ்சம் பின்னால். நெக்பேண்டின் பட்டன்கள் உள்ள பகுதி இடது நெஞ்சில். இரண்டுக்கும் நடுவில் அப்பா இருக்கிறார்!

மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாக உறிஞ்சிவிடும். அலையின் நீளத்தையும் பாருங்கள். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் சுமார் 12 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. எஃப்.எம். அலை சுமார் 3 மீட்டர் நீளம், ஆளைச் சுற்றி வளைந்து போய்விடும். அரைச் சாண் அலைக்கு ஒரு ஆள் பெரிய சுவர். புளூடூத்தின் பவரும் துளியூண்டு. மிச்சம் ஒன்றும் தேறாது.

அப்படியானால் வீட்டிலும் கடையிலும் எப்படிக் கேட்டது? அங்கே சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, இரும்பு பீரோ இருக்கிறது. உடம்பைத் தாண்ட முடியாத அலை, அவற்றில் பட்டுத் திரும்பி, சுற்றி வந்து மறுபக்கம் சேர்ந்துவிடுகிறது. கிணற்றுக்குள் கத்தினால் சத்தம் திரும்பி வருகிறதே, அது போல. வெட்டவெளியில் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை. அப்பா சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கிப் போன இடம்தான் புளூடூத்துக்கு மோசமான இடம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் கடைக்கு நாலு சுவர் இருந்தது.

இதில் இன்னொரு விசேஷம். பர்சனல் ஏரியா நெட்வொர்க் என்ற எண்ணத்தை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் தாமஸ் சிம்மர்மன். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்து, பிறகு ஐ.பி.எம்.மில் வேலை பார்த்தவர். அவருடைய வலையில் ரேடியோவே கிடையாது, உடம்புதான் கம்பி! மிக மிக நுண்ணிய மின்சாரத்தை உடம்பு வழியாகவே செலுத்தி, இரண்டு பேர் கைகுலுக்கினால் ஒருவருடைய விசிட்டிங் கார்டு விவரம் மற்றவர் கருவிக்குப் போகும்படி செய்தார். 1996-இல் அதை மேடையில் காட்டினார்கள். அந்த வழிக்கு உப்புத் தண்ணீர் உடம்பு நல்ல கம்பி. நாம் கடைசியில் பிடித்துக்கொண்ட ரேடியோ வழிக்கு அதே உடம்பு சுவர். எனக்கு இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பாவுக்கு வைத்தியம் என்ன? ஐந்து பைசா செலவில்லை. போனைச் சட்டையின் மேல் பையில், நெக்பேண்டின் பட்டன் பக்கமே வைக்கச் சொன்னேன். வெட்டவெளியில் நின்று அம்மாவோடு பத்து நிமிடம் பேசினார். ஒரு 'ஆங்' இல்லை. முடித்துவிட்டு என்னிடம், "எங்காது இல்லையா அப்ப?" என்றார்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். காதும்தான். விட்டு விட்டுக் கேட்டதற்கு மட்டும் காது காரணம் இல்லை. அடுத்த வாரம் அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காது பரிசோதனை செய்தோம். அந்த வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படித்தான் வருமாம். போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். இப்போது காதுக்கு நுரை அடைப்பான் வைக்கிறார், பாதி நாள் மறந்துவிடுகிறார். 2020-இல் புளூடூத் 5.2 பதிப்போடு வந்த 'எல்.இ. ஆடியோ' என்ற முறையில், ஒரே இடத்திலிருந்து எத்தனை காதுக்கருவிக்கு வேண்டுமானாலும் ஒலிபரப்ப வழி செய்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு நேராகக் காதுக்கு வரும். ப்ராஜெக்டுக்கு அதை எடுக்கலாமா என்று எங்கள் பேட்சில் பேசிக்கொண்டிருக்கிறோம். சேர விருப்பம் உள்ளவர்கள் சொல்லவும்.

போன மாதம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பட்டறைக்குப் பின்னால் பக்கத்துத் தறிக்கார மாமா ஒருவர், காதில் புது இயர்போனோடு, "விட்டு விட்டுத்தான் கேக்குது, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று திட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம், "போன டவுசர்ல வெச்சா எப்பிடிக் கேக்கும்? ஒடம்பெல்லாம் தண்ணி மாமா. அது ரெண்டரை கிகா. தண்ணியில போகாது. மேல்பையில வெய்யுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ரெண்டரை இல்லை, 2.4. நான் திருத்தவில்லை.